இறங்கி நடக்கிற இடம்

மகாபலன் கடைத் தாழ்வாரத்தில் அன்று ஒருவரும் நிற்கவில்லை. எந்த நாளிலும் இரண்டு பேராவது காபியை ஊதிக்கொண்டு, தனியாக வருகிற வண்டிக்காகக் காத்து நிற்பார்கள். பின்சீட்டு காலியா என்று கேட்டு ஏறிக்கொள்வார்கள். ஓட்டுகிறவருக்கும் அதில் நிம்மதிதான். அன்று பெஞ்சு நனைந்து கிடந்தது. பெஞ்சின் கீழே நாய்கூட இல்லை.

கடையைத் தாண்டினால் காவல் தேவதை சௌடியின் மேடை. குங்குமம் பூசிய நாலு கல், மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். அங்கிருந்து ஓடைப் பாலம்வரை தனியாக வருகிறவர்கள் வண்டியை அணைத்துவிட்டு, தள்ளிக்கொண்டு நடப்பார்கள். பின்னால் ஆள் இருந்தால் ஓட்டலாம். காலிச் சீட்டோடு ஓட்டக் கூடாது. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு லீவுக்குப் புல்லட்டில் வந்து இறங்கும் பையன்கள்கூட அந்த இடத்தில் போன் பேசுகிற பாவனையில் இறங்கி நடப்பார்கள். ஏன் என்று கேட்டால், ரோடு சறுக்குமாம். அங்கே சறுக்கலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

வாரிஜா ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றினாள். ஹெல்மெட்டுக்குள் கழுத்துவரை தண்ணீர் ஓடியது.

"ஏற யாருமில்லையா மகாபலண்ணா?"

"இந்த மழையில எவன் வருவான் தங்கச்சி? செத்த நில்லு. பால்காரன் இப்ப வந்துடுவான், ஏத்திக்கிட்டுப் போ."

"நிக்க முடியாதுண்ணா. மழைன்னு ஸ்கூல சீக்கிரம் விட்டுட்டாங்களாம். மான்விய வேன்காரன் பாலத்துக்கு அந்தாண்ட நிழற்குடையில எறக்கிட்டுப் போயிட்டான். தனியா நிக்கிறா. ஆறு வயசுப் புள்ள."

"அப்ப தள்ளிக்கிட்டு நட."

"நடந்தா இன்னும் நேரமாகும்."

"ஆகட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஓட்டிட்டுப் போயிட்டேன்னு வச்சுக்க, அப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எறங்கி நடக்காத. காலிச் சீட்ல ஏறுனது வீட்டு வாசல்ல விளக்கப் பாத்தா தானே எறங்கிடும். வழியில நீ எறங்குனா அதுவும் உன்கூட எறங்கும்."

"நடன்னும் சொல்ற, நடக்காதன்னும் சொல்ற. முதல்ல நீ ஒரு முடிவுக்கு வாண்ணா."

மகாபலன் சிரிக்கவில்லை. மிட்டாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மேடைக்கு எதிரே வந்ததும் வாரிஜாவின் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட இந்த இடத்தில் அவள் ஓட்டியதில்லை. மாலைதான் ஆகிறது, ஆனாலும் பாக்குத் தோப்புக்குள் இருட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டது. அழுகிய பாக்குமட்டை வாடையும் தவளைச் சத்தமும் நாலு பக்கமும் சூழ்ந்து வந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே மான்வி நிழற்குடையில் ஒண்டிக்கொண்டு, அம்மா வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பது அவள் கண்ணுக்குள் வந்தது. போன வாரம்தான் அந்த ஓடையில் தண்ணீர் ரோட்டுவரை ஏறியது. சௌடியாவது மேடையாவது என்று ஆக்சிலரேட்டரைத் திருகினாள்.

பாதி வழியில் வண்டி பின்பக்கம் இலேசாக அமிழ்ந்தது.

பள்ளம் ஏதும் இல்லை. அவளுக்கு அந்த அமிழ்வு நன்றாகத் தெரியும். புருஷன் சதானந்தன் ஏறினால் வண்டி முனகும். இது அப்படியில்லை. தினமும் காலையில், மூட்டையைப்போல முதுகில் பையோடு மான்வி தொற்றி ஏறும்போது அமிழ்வதுபோல அத்தனை இலேசாக அமிழ்ந்தது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். கண்ணாடி முழுக்க மழைத்துளி.

நிழற்குடையில் மான்வி நின்றிருந்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டு, அசைந்தால் சரசரவென்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாரிஜாவுக்கு உயிர் வந்தது.

"எவ்ளோ நேரம்மா. எனக்கு பயமா இருந்துச்சு."

"வந்துட்டேன்ல புட்டி. ஏறு, ஏறு." மகளைக் கொஞ்சும்போது அவள் வாயில் வருவது புட்டிதான்.

மான்வி சரசரத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கேயே நின்றாள். பிறகு மெதுவாக முன்பக்கம் வந்தாள்.

"அங்க எடமில்லம்மா."

வாரிஜா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை பதில் சொல்லிவிடுமே என்று பயம். மகளைத் தூக்கி முன்னால், தன் காலிடுக்கில் நிற்க வைத்தாள். அவள் கைகளைக் கைப்பிடியில் பதித்தாள்.

"கண்ண இறுக்கி மூடிக்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. அசையக் கூடாது, பேசக் கூடாது. நல்ல புள்ளல்ல நீ?"

மான்வி தலையாட்டினாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை. பள்ளியில் எல்லா டீச்சரும் அதைத்தான் சொல்வார்கள்.

பாலத்திலிருந்து வீட்டுக்குச் செம்மண் மேடு. வண்டி ஏறத் தொடங்கியதும் இரண்டு சின்னக் கைகள் பின்னாலிருந்து வந்து வாரிஜாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டன. சில்லென்ற கைகள். மான்வியின் கைகள் அவள் கண்ணெதிரே கைப்பிடியில் இருந்தன.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கனம் கூடிக்கொண்டே போனது. இன்ஜின் திணறியது. மண்ணில் புதைந்துகிடந்து வந்த துணியின் நாற்றம் தோளுக்கு மேலே வந்து, கன்னத்தின் பக்கத்தில் நின்றது. ஒரு தலை அவள் முதுகில் சாய்ந்தது. தூங்கப்போகிற பிள்ளை சாய்வதுபோல, பாவி, அத்தனை உரிமையாக.

மேட்டின் உச்சியில் வீட்டு விளக்கு தெரிந்தது.

வீடுவரை ஓட்டு என்றுதான் மகாபலன் சொன்னான். வீட்டு வாசலுக்கா? இதையா? கையோடு கூட்டிக்கொண்டு போய், மான்வி படுக்கிற வீட்டில் இறக்கிவிடவா? விளக்கைப் பார்த்தும் இறங்காவிட்டால்? எந்தத் தாய் செய்வாள்? இங்கேயே விட்டுவிட வேண்டும். வண்டி போனால் போகட்டும். இறங்கி நடந்துவிடலாம். ஓட்டியதுதானே தப்பு. நடந்தால் சரியாகிவிடும்.

வண்டியை நிறுத்தினாள். அணைத்தாள். முகப்பு விளக்கும் அணைந்தது. கும்மிருட்டு.

இடுப்பிலிருந்து கைகள் விலகின.

ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு இறங்கினாள். இருட்டுக்குள் கையை நீட்டினாள்.

"கையக் குடு. சீக்கிரம்."

சின்னக் கை ஒன்று அவள் உள்ளங்கைக்குள் வந்தது. ஈரமான கை. பற்றிக்கொண்டு நடந்தாள். திரும்பவில்லை. ஓட்டமும் நடையுமாக, சேற்றில் வழுக்கி, மறுபடி எழுந்து, விளக்கை மட்டும் பார்த்து நடந்தாள். பிள்ளை இழுத்த இழுப்புக்கு வந்தது. சிணுங்கவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

வாசலில் சதானந்தன் டார்ச்சோடு நின்றான்.

"வண்டி என்னாச்சு? சரி, ரெண்டு பேரும் சீக்கிரம் உள்ள வாங்க. தோப்புலருந்து வந்த கையோட மானுவுக்குப் பால் சுட வச்சிருக்கேன்."

ரெண்டு பேரும். அந்த வார்த்தையில் அவளுக்கு அழுகை வந்தது. தப்பித்தோம். மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மழை விட்டிருந்தது. தவளைகள் ஓய்ந்திருந்தன. அவள் செருப்பு சேற்றில் சளக் சளக்கென்றது. அந்த ஒரு சத்தம்தான்.

மழைக்கோட்டுச் சத்தம் இல்லை.

வாரிஜா நின்றாள். கையை உதறினாள். விடவில்லை. மறுபடி உதறினாள். விரல்கள் மணிக்கட்டுக்கு ஏறின.

பின்னால், மேட்டின் கீழே, வண்டி நின்ற இருட்டிலிருந்து மெல்லிய சரசரப்பு. அதன் பின்னே குரல். அழாமல், பொறுமையாக, நல்ல பிள்ளையாக.

"அம்மா... இப்ப கண்ணத் தொறக்கலாமா?"

வாரிஜா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவள் இடுப்புயரத்திலிருந்து, வாரிஜாவின் குரலிலேயே, பதில் போனது.

"இன்னும் இல்ல புட்டி."