ஏரிக்கரையில் நிற்கும் வண்டி

இன்ஜின் அணைந்த பிறகும் வண்டிக்குள் ஒரு சத்தம் மிச்சமிருந்தது. பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது உள்ளே தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதுமே, அப்படி ஒரு சத்தம். கிறிஸ்டினா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். செம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. வண்டி நின்றுவிட்டது, ஆனால் அந்தத் தண்ணீர் மட்டும் இன்னும் ஆடி அடங்கவில்லை.

"உங்களுக்குக் கேக்குதாங்க?"

பக்கத்து சீட்டில் அவள் கணவர் ஜெபசீலன் கண்ணைத் திறக்கவில்லை. நான்கு மணி நேர டயாலிசிஸ் முடித்துவிட்டு வருகிற மனிதர். இடது கையில் பிளாஸ்திரி, உதடெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"மறுபடியுமா கிறிஸ்டி?" என்றார். அவ்வளவுதான்.

மறுபடியும்தான். ஐந்து மாதத்தில் இது நான்காவது தடவை. வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் அவருக்கு வாந்தி வரும் என்பதால் இரண்டு கால்டாக்சிக்காரர்கள் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தரகர் ஒருவர் மூலமாக இந்தப் பழைய வண்டியை வாங்கினாள். முதல் தடவை நின்றபோது பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். அடுத்த தடவை இன்ஜினைப் பிரித்தார்கள். மூன்றாவது தடவை, கீழ்க்கட்டளையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் துரை, இனி இன்ஜினையே மாற்றினால்தான் உண்டு என்றார். மாற்று சிறுநீரகத்துக்கான பரிசோதனைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அதோடு போனது. அதைப் பற்றி ஜெபசீலன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நான்கு தடவையும் ஒரே இடம். ஏரிக்கரைச் சாலை வளைகிற இடத்தில், ஆகாயத்தாமரை கரைவரைக்கும் ஏறிக் கிடக்கும் அந்தத் திருப்பம். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிடும்.

மறுநாள் காலையில் துரை இன்ஜினில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜினிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஷெட் முழுக்கச் சேற்று நாற்றம் பரவியது. துரை கையைத் துடைக்காமல் அப்படியே நீட்டிக் காட்டினார். உள்ளங்கையில் தலைமுடி அளவுக்கு ஒரு பாசி. இன்னும் பச்சையாக.

"இன்னா மேடம் இது, வண்டிய ஏரில எறக்கினீங்களா?"

"மழையே இல்லியேண்ணா."

"பழைய இன்ஜின்ல சேறு இருந்துச்சு. சரி, வெள்ளத்துல முழுகின வண்டிய ஏமாத்தி வித்துட்டானுங்கனு நெனச்சேன். இது போன வாரம் என் கையால போட்டது மேடம். இதுக்குள்ள எப்டி?"

"நீங்களே ஒரு தடவ அந்த வழியா ஓட்டிப் பாருங்கண்ணா" என்றாள்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார் துரை. சாவியைக் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. சட்டை காய்ந்துதான் இருந்தது. ஆனால், குளித்துவிட்டு வந்தவர்கள் காதுக்குள் போன தண்ணீரை எடுக்கத் தலையைச் சாய்த்துத் தட்டுவார்களே, அதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்கண்ணா நின்னுச்சு?"

"அங்கதான்." இன்னொரு தடவை தட்டினார். "ஒடைக்கக் குடுத்துருங்க மேடம். திங்கக்கெழம நானே ஆள இட்டாறேன். அதுவரிக்கும் யாரும் எடுக்க வாணாம்."

"என்னண்ணா பார்த்தீங்க?"

துரை அவளைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். தலையைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பதிவு செய்த கால்டாக்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாகின. அன்றைய டயாலிசிஸ் தவறியது. வெள்ளி இரவு முழுக்க ஜெபசீலனால் படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. அவள் விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் குழாயடியில் காலிப் பானை நிரம்புவது போன்ற களகளப்பு.

சனிக்கிழமை மதியம் அவள் டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்தாள். "லங்ஸ்ல தண்ணி கோத்திருக்கும்க்கா. லேட் பண்ணாதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள் நர்ஸ். ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்ட் காலியாகக் கிடந்தது. வாசலில் வண்டி நின்றது.

அவரை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினாள். "இயேசப்பா, இந்த ஒரு தடவ" என்றபடி சாவியைத் திருப்பினாள். உடனே கிளம்பியது.

மெயின் ரோடு வழியாகத்தான் போக நினைத்திருந்தாள். அங்கே இடுப்பளவு தண்ணீர் ஓடியது. தடுப்பு போட்டிருந்த போலீஸ்காரர், மழைக்கோட்டின் கையிலிருந்து நீர் வழிய, ஏரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"சார், அந்த வழி வேணாம் சார்."

"வேற வழி இல்லம்மா. பின்னாடி வண்டி நிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க."

திருப்பினாள்.

மணி இரண்டுதான். ஆனாலும் வானம் கரியாகத் தொங்கியது. வைப்பர் அடிக்க அடிக்கச் சாலை தெரிந்து தெரிந்து மறைந்தது. ஏரி நிரம்பிக் கரையின் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரை மொத்தமாக ஏறி இறங்கியது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. நின்றுவிடாதே. நின்றுவிடாதே. திருப்பம் வந்தது. பாதி திரும்பியாயிற்று.

நின்றது.

வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றது. சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை.

"கிறிஸ்டி" என்றார் ஜெபசீலன். "தாகமா இருக்கு."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. யாரையாவது கூட்டிட்டு வரேன்."

"போகாத."

"இதோ, ரெண்டு நிமிஷம்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு இறங்கினாள்.

மழை முகத்தில் அறைந்தது. நாற்பதடி தூரத்தில் ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஓடினாள். பின்னால் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும் சத்தம். சாவி அவள் கையில்தான் இருந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை.

ஆட்டோ நின்றது. நடுவயதுக்காரர், தலையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்.

"அண்ணா, வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறுது. தாம்பரம் போகணும். புண்ணியமாப் போகும்ணா."

"அழாதக்கா. வா, தூக்கிப் போட்டுகினு போலாம்."

அவர் அவளை முந்திக்கொண்டு வண்டியிடம் ஓடினார். பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கையால் மறைத்து உள்ளே பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"இன்னாக்கா." குரல் இறங்கிவிட்டது. "இத்தினி பேரு என் ஆட்டோல எப்டிக்கா ஏறுவாங்க?"

"என்னது? அவர் ஒருத்தர்தான்ணா."

அவர் ஓரடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. பிறகு திரும்பி ஓடினார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் கதவை இழுத்தாள். வரவில்லை. சாவியை அழுத்தினாள். பூட்டில் செருகித் திருப்பினாள். அசையவில்லை. முன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

முன் சீட் காலி. பெல்ட் மாட்டியபடியே இருந்தது.

"என்னங்க!"

பின் சீட்டில் இருந்தார். நடுவில். அவர் பக்கத்தில் யாருமில்லை. இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. ஆனால் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடிக்குள் ஒடுக்கி. கூட்டமான பஸ்ஸில் இரண்டு பேருக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்காருவது போல. அவருடைய சட்டைக் கைகள் இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தன.

கண்ணாடியைக் குத்தினாள். முழங்கையால். கல்லெடுத்து. கீறல் கூட விழவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளைத் தெரிந்தது அவருக்கு.

தலைமுடி மேலே எழும்பியது. ஒவ்வொரு இழையாக, அவசரமில்லாமல். இடது கையில் இன்னும் எடுக்காமல் விட்டிருந்த பிளாஸ்திரி பிரிந்து, அதன் ஒரு முனை மெல்ல அலைந்தது.

வாயைத் திறந்தார். அவள் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. மெதுவாக மேலேறி, வண்டியின் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றது.