முப்பத்தோரு தவறுகள்

ஜனவரி பதினேழாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, சென்ற ஆண்டு மே மாதமே முடிந்துவிட்ட ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைப் போட்டியின் ஏழாவது வெற்றியாளர் அறிவிக்கப்பட்டார். பதினொன்றரை மணிக்கு அதன் மீது மேல்முறையீடு வந்தது.

வான்மதி அதைத் திறக்கவில்லை. முதலில் தன் விடுப்பு விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தாள். 'சீசன் முடிந்தபின் பரிசீலிக்கப்படும்' என்றிருந்தது. அடுத்து ராஜினாமா கடிதத்தைத் திறந்தாள். அதிலும் அதே வரிதான்.

தரமணியில் இருந்த அந்த மையத்தில் முப்பத்தெட்டு பேர் வேலை செய்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்ட கருவியின் பெயர் மறுநிகழ்த்தி. பந்திலும் காலணியிலும் புல்லுக்கடியிலும் பதித்த உணரிகள் ஓர் ஆட்டத்தின் ஒவ்வொரு நொடியையும் அதற்குச் சொல்லிவிடும். நடுவர் செய்த ஒரு தவறைக் காட்டி, 'இது நடக்காமல் இருந்திருந்தால்?' என்று கேட்டால், அங்கிருந்து மிச்ச ஆட்டத்தை லட்சம் முறை நடத்திப் பார்க்கும். ஐம்பது சதவீதத்துக்கு மேல் முடிவு மாறினால், முடிவு மாறியதாகவே சட்டம்.

முதல் வழக்கில் கையொப்பம் இட்டவள் வான்மதி. நார்வேயின் ஒரு மீன்பிடி ஊரைச் சேர்ந்த ஹால்விக் அணிதான் மே மாதம் கோப்பையை வென்றது. ஜூன் மாதம் ஜெர்மனியின் பெர்க்ஹைம் அணி முறையிட்டது. முதல் சுற்றில் தாங்கள் ஹால்விக்கிடம் தோற்ற ஆட்டத்தில், பன்னிரண்டாவது நிமிடம், எல்லைக்கோட்டுக்கு வெளியே போன பந்தை ஹால்விக் வீரர் மூன்று மீட்டர் முன்னால் நின்று எறிந்தார். கருவி ஐம்பத்திரண்டு சதவீதம் என்றது. கணக்கு அழகாக இருந்தது. வான்மதி விழித்திரையைக் காட்டிக் கையொப்பம் இட்டாள்.

அன்றே ஹால்விக் முதல் சுற்றில் தோற்ற அணியாயிற்று. பெர்க்ஹைம் அடுத்த சுற்றில் யாரோடு ஆடியிருக்கும், எப்படி ஆடியிருக்கும், எல்லாம் புதிதாக நடத்தப்பட்டது. அதில் தோற்றவர்கள் வேறு தவறுகளைக் கொண்டுவந்தார்கள். முதலில் நடுவர்களின் தவறுகள். பிறகு புல்லுக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டவரின் தவறு. பிறகு பார்வையாளர் வரிசையில் நேரங்கெட்ட நேரத்தில் முரசு அடித்தவரின் தவறு. ஆகஸ்டில் ஒரு வழக்கறிஞர், யார் செய்தாலும் தவறு தவறுதானே என்று கேட்டார். அதற்குப் பிறகு ஆட்டக்காரர்களின் தவறுகளும் வரத் தொடங்கின.

எல்லா வழக்குகளும் வான்மதியின் வழக்கிலிருந்து கிளைத்தவை. முதல் கையொப்பம் யாருடையதோ அவர்தான் கிளைகளிலும் இட வேண்டும் என்பது விதி. ஆறு ஊர்களில் வெற்றி ஊர்வலம் நடந்து முடிந்திருந்தது. கோப்பை பெரும்பாலும் விமானத்தில் இருந்தது. அடுத்த சீசன் தொடங்கவே இல்லை.

"இன்னா மேடம் இது, செத்தவன எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்டுனுகீறாங்க?" என்றார் ஸ்டான்லி. மையத்தின் கள ஆலோசகர். வியாசர்பாடிக்காரர். முப்பது வருடம் கோல்கீப்பராக, அவர் பேச்சில் கோலியாக, நின்றதில் இடது கையின் இரண்டு விரல்கள் கோணியிருந்தன. "தோத்தா ஊட்டுக்குப் போணும். அதான் நாக்அவுட்டு. இவனுங்க எவனும் ஊட்டுக்கே போமாட்டேன்றானுங்களே."

"நானும்தான் போகல, ஸ்டான்லி அண்ணா."

அவளுடைய அலைபேசி அதிர்ந்தது. தென்காசியிலிருந்து அம்மா.

"ஏளா, லீவு குடுத்தாவளா?"

"இன்னும் இல்லம்மா."

"மூணு தடவ கல்யாண நாள் மாத்தியாச்சு. இன்னைக்கும் மாப்பிள்ள வீட்டுல கேக்காவ. செண்பகராமன் பிப்ரவரி எட்டாம் தேதி கப்பல் ஏறணும். ஏறுனா ஒம்போது மாசம். அந்தப் பையனும் எத்தன வாட்டிதான் பொறுப்பான்? அவம் பொறுத்தாலும் அவங்க அம்மா பொறுப்பாளா?"

"இருபத்தொம்பதாம் தேதிக்கு வந்துருவேம்மா."

"ஆவணிலயும் இதத்தான சொன்ன. எவனோ பந்த எவன் வலைக்குள்ளயோ அடிச்சா ஒனக்கு என்னளா?"

வான்மதி அழைப்பைத் துண்டித்தாள். கப்பலில் பொறியாளராக இருக்கும் செண்பகராமன் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை. நேற்று மட்டும், "உனக்கு விருப்பம் இல்லன்னா நேரா சொல்லிரு, சீசன் மேல போடாத" என்று எழுதியிருந்தான். அதற்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதினாலும் சீசன் மேல் போடுவது போலத்தான் வந்தது.

பிற்பகல் இயக்குநர் பரிமளா எல்லோரையும் கூப்பிட்டார். தலைமையகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இதுவரை பதிவான நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தவறுகளையும் ஒரே நேரத்தில் திருத்திவிட்டு, முதல் சுற்றிலிருந்து முழுப் போட்டியையும் கருவி நடத்தும். தவறே இல்லாத அந்தப் போட்டியில் யார் வெல்கிறார்களோ அவர்களுக்கே கோப்பை. முப்பத்திரண்டு கழகங்களும் சம்மதித்துவிட்டன.

வான்மதி அம்மாவை அழைத்து, திங்கட்கிழமையோடு முடிகிறது என்று சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கருவியை ஓட்டினார்கள். பத்து இருபதுக்கு முதல் சுற்றின் பதினாறு ஆட்டங்களும் முடிந்தன. பதினாறிலும் யாரும் கோல் அடிக்கவில்லை. தடுப்பாட்டக்காரர்கள் சரியான இடத்தில் நின்றார்கள். பந்து சரியான காலுக்குப் போனது. கூடுதல் நேரத்திலும் மாற்றமில்லை. பெனால்டி உதைகள் தொடங்கின.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஹால்விக் ஒன்பதாயிரத்து இருநூறு, பெர்க்ஹைம் ஒன்பதாயிரத்து இருநூறு என்றிருந்தது. யாரும் ஒன்றையும் தவறவிடவில்லை.

"கோலி ஒண்ணையாச்சும் பிடிக்க வேண்டாமா?" என்றார் பரிமளா.

ஸ்டான்லி தன் கோணல் விரல்களைப் பார்த்தார். "எப்டிம்மா பிடிப்பான்? மூலைல பாத்து ஒழுங்கா அடிச்சா எந்த கோலியாலயும் முடியாது. நான் பிடிச்சது எல்லாமே அடிச்சவன் பண்ண தப்புதான். அத வெச்சுதான் என்னய தோள் மேல தூக்கினு போனாங்க."

புதன்கிழமை எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. திரையின் அடியில் 'ஆட்டம் தொடர்கிறது' என்ற வரி மட்டும் நின்றது.

வான்மதி கூட்டங்களில் பேசுகிறவள் அல்ல. அன்று எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனாள். முப்பத்திரண்டு என்றும், அதன் கீழே முப்பத்தொன்று என்றும் எழுதினாள்.

"முப்பத்திரண்டு அணிகள் மேடம். ஒண்ணு ஜெயிக்கணும்னா முப்பத்தொண்ணு தோக்கணும். தோக்கறதுக்கு ஒரு தவறாவது வேணும். முப்பத்தொரு தவறு இல்லாம கோப்பையே இல்ல."

"அதனால?"

"நாலாயிரத்து நூத்துப் பன்னிரண்டு தவற எடுத்துட்டோம். முப்பத்தொண்ண திருப்பி வெக்கணும்."

பரிமளா பலகைக்கு அருகில் வந்தார். "எதை?"

அதுதான் கேள்வி. எதை வைத்தாலும் அது ஒருவருக்குச் சாதகம். கருவியையே தற்செயலாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்றார் ஒருவர். கருவியின் தற்செயல் எண்களும் ஏதோ ஓர் எண்ணில் தொடங்குபவை, ஏன் இந்த எண், ஏன் அடுத்த எண் இல்லை என்று முறையீடு வரும் என்றாள் வான்மதி. தவிர, விதிப்புத்தகத்தின்படி தவறு என்பது மனிதர் செய்வது. கருவியின் பிழைக்கு அதில் வேறு அத்தியாயம்.

"டாஸ் போட்டுக்கலாம்" என்றார் ஸ்டான்லி.

யாரிடமும் நாணயம் இல்லை. அது புழக்கத்திலிருந்து போய்ப் பதினைந்து வருடங்கள் ஆகியிருந்தன.

ஸ்டான்லி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வறுத்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்தார். "ஒத்தையா ரெட்டையா தெரியுமா மேடம்?"

தலைமையகத்துக்கு விளக்கி எழுத ஒரு நாள் ஆயிற்று. 'மனிதரால், ஒளிப்பதிவின் முன்னிலையில் நிகழ்த்தப்படும் தீர்மான முறை' என்று பரிமளா எழுதினார். பட்டாணி என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. தலைமையகத்தில் இருந்தவர்களும் களைத்துப்போயிருந்தார்கள். வியாழன் மாலை ஒப்புதல் வந்தது.

வெள்ளி காலை கூட்ட அறையில், மேசையை மட்டும் பார்க்கும்படி ஒளிப்பதிவுக் கருவியை வைத்தார்கள். ஸ்டான்லி ஒரு பிடி அள்ளிக் கையை மூடுவார். முதலில் பெயர் உள்ள அணிக்காக வான்மதி ஒற்றையா இரட்டையா என்று சொல்வாள். சரியாகச் சொன்னால் எதிரணியின் உதை அரை அங்குலம் விலகும். தவறினால் இந்த அணியின் உதை.

முதலில் ஹால்விக், பெர்க்ஹைம்.

"ரெட்டை" என்றாள் வான்மதி.

ஸ்டான்லி மேசையில் கொட்டி இரண்டிரண்டாகத் தள்ளினார். எட்டு ஜோடி. மிச்சம் ஒரு முழுப் பட்டாணியும், ஓர் உடைந்த பட்டாணியும். அதையும் சேர்த்துத் தள்ளினார். "ஒம்போது ஜோடி. பதினெட்டு. ரெட்டை."

திரையில் பெர்க்ஹைமின் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஐந்து நாட்களுக்குப் பிறகு ஒருவர் தவறவிட்டிருந்தார். அறையில் யாரோ கைதட்டினார்கள். ஸ்டான்லி முழுப் பட்டாணிகளைப் பொட்டலத்தில் போட்டுவிட்டு, உடைந்ததை வான்மதி பக்கம் நகர்த்தினார். "ஒடஞ்சது ஒங்களுக்கு."

காலையில் அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

காலிறுதி வந்தபோது முப்பத்தெட்டு பேரும் அறைக்குள் இருந்தார்கள். அரையிறுதியில் பரிமளா நாற்காலி மேல் ஏறி நின்று, "ஸ்டான்லி, கையை நல்லாத் தெறங்க, மறைக்காதீங்க" என்று கத்தினார். எட்டு மாதங்களில் அந்த மையத்தில் யாரும் பந்தாட்டம் பார்த்துக் கத்தியதில்லை. இப்போதும் அவர்கள் பார்த்தது பந்தாட்டத்தை அல்ல.

கர்னோவ் என்ற அணி வென்றது. உண்மையான சீசனின் முதல் சுற்றில் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்ற அணி. அந்த ஊரில் பேருந்து ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் தெருவில் கூத்தாடினார்களாம்.

திங்கட்கிழமை காலை பெர்க்ஹைமின் முறையீடு வந்தது. நாற்பது பக்கம். ஒளிப்பதிவைப் பெரிதாக்கியிருந்தார்கள். பதினெட்டாவது பட்டாணி முழுமையானது அல்ல. ஐம்பது சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அது பட்டாணியே அல்ல. அப்படியானால் எண்ணிக்கை பதினேழு, ஒற்றை. ஹால்விக் வெளியேற வேண்டும். முப்பத்தோரு ஆட்டங்களும் மறுபடியும். சான்றுப் பொருளான அந்தப் பட்டாணியை உடனே முத்திரையிட்டு எடை பார்க்கக் கருவியிடம் ஒப்படைக்கவும்.

வான்மதி விடுப்பு விண்ணப்பத்தைத் திறந்தாள். அதே வரி. தேதி இருபத்தாறு.

பரிமளா அறைக் கதவைச் சாத்தினார். தலைமையகம் திரையில் காத்திருந்தது. "ஸ்டான்லி, அந்தப் பட்டாணி எங்க?"

ஸ்டான்லி வான்மதியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் தின்னுட்டேன் மேடம்."

"என்னது?"

"தின்னுட்டேன்."

"சான்றை எதுக்கும்மா தின்ன?"

"பசிச்சுது."

திரையில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு போய்ச் சேரச் சில நொடிகள் ஆயின. ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். வான்மதி படிவத்தில் 'சான்றின் நிலை: உண்ணப்பட்டது' என்று நிரப்பி விழித்திரையைக் காட்டினாள். கருவி வெகு நேரம் யோசித்தது. பட்டாணியின் எடை இல்லை, அளவு இல்லை, உணரி இல்லை. எங்கே தொடங்கி மறுபடி நடத்துவது என்று அதற்குத் தெரியவில்லை.

'மறுநிகழ்த்த இயலாது. முடிவு இறுதியானது.'

'இறுதி' என்ற சொல்லை அந்தத் திரையில் அவர்கள் பார்த்ததே இல்லை. ஸ்டான்லி இரண்டு முறை படித்தார். "அப்பாடா. ஒருத்தன் தோத்துட்டான்" என்றார்.

விடுப்பு பதினொரு நிமிடத்தில் வந்தது. வான்மதி செண்பகராமனுக்கு ஒரு வரி எழுதினாள்: 'சீசன் முடிஞ்சுது. விருப்பம் இருக்கு.'

செவ்வாய் காலை ரயில் தாம்பரத்தைத் தாண்டியபோது, மையத்திலிருந்து அடுத்த சீசனுக்கான விதிகளின் வரைவு வந்தது. முதல் விதி: தீர்மானப் பட்டாணிகள் எஃகினால் செய்யப்படும், எடை ஒரு மில்லிகிராமுக்கு மேல் வேறுபடக் கூடாது. இரண்டாவது விதி: தீர்மானத்தில் பங்கேற்பவர்கள் அதற்கு முன் உணவு உண்டிருக்க வேண்டும். மூன்றாவது விதி, பத்தொன்பது கழகங்களின் வேண்டுகோள்: இம்முறை போதுமானதாக இருப்பதால், புல்வெளியில் ஆட்டங்களை நடத்துவது அவசியமில்லை. வரைவின் கடைசியில் கையொப்பக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. 'முதல் கையொப்பம்: வான்மதி.'

அலைபேசி அதிர்ந்தது.

"ஏளா, ரயில் ஏறிட்டியா?"

"ஏறிட்டேம்மா."

"நெசமாவே முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஆமா, எவன் ஜெயிச்சான்?"

வான்மதி யோசித்துப் பார்த்தாள். பெயர் உடனே நினைவுக்கு வரவில்லை. ஸ்டான்லி வழிக்கென்று கொடுத்த பொட்டலம் மடியில் இருந்தது. உள்ளே கைவிட்டு, உடைந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள்.

"தெரியலம்மா" என்றாள். வரைவில் கையொப்பம் இடாமலே அலைபேசியை அணைத்தாள்.