கண்ணாடிக்குச் சரியாக

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ கடலோரத்தில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு விடுதியில் போய் இறங்கினோம். நல்ல ஆகஸ்ட் வெயில். வாசலில் யாரோ கணவாய் மீனைக் கிழித்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் மக்கிய பாயின் வாடை முகத்தில் அறைந்தது. எல்லோரும் கைக்குட்டையைத் தேடினோம். டைரக்டர் முராய் மட்டும் ஆழமாக மூச்சை இழுத்து, அருமை என்றார்.

நான் ஒகுனோ. சினிமாவுக்குப் பிணம் செய்கிறவன். அறுந்த கழுத்து, பிதுங்கிய கண், இதெல்லாம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ரத்தம் என்றால் எனக்கு அருவருப்பு கிடையாது. அது வெறும் பாகும் சாயமும். எனக்குக் குமட்டியதெல்லாம் முராயின் அர்த்தங்கள்தான். அந்த மனிதருக்குச் செருப்பு கவிழ்ந்து கிடந்தால்கூட அதற்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும்.

அக்காவைக் கொன்றது யார் என்று தங்கை தேடுகிற மர்மக் கதை. மாடி அறையில் தங்கை கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பாள். செத்துப்போன அக்கா பின்னால் உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் மட்டும் தெரியும். தங்கை கையைப் பின்னால் நீட்டி, அக்காவின் கிழிந்த வயிற்றுக்குள் விட்டு எதையோ உருவுவாள்.

"குடல் வந்தா வெறும் குடல்தான் ஒகுனோ. முடி வரணும். முடின்னா அவ சொல்லாம முழுங்கின பொய்" என்றார் முராய்.

பொய் நாற வேண்டுமாம். நடிகையின் முகத்தில் அருவருப்பு நிஜமாக வர வேண்டுமாம். அதனால் சந்தையிலிருந்து வந்த கணவாய்க் குடலில் இரண்டு பிடி முடியைப் பிசைந்து, ரப்பர் பிணத்தின் வயிற்றில் நானே திணித்தேன். குடல் சில்லென்று விரலிடுக்கில் வழுக்கியது. எத்தனை சோப்பு போட்டும் வாடை போகவில்லை. மதியம் சோற்று உருண்டையைக் கையில் எடுத்தவன் அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அக்கா, தங்கை இரண்டு வேடமும் மியோ என்ற பெண்ணுக்கு. பிணத்தின் முகம் அவள் முகத்தில் அச்செடுத்தது. அதுவரை சோப்பு விளம்பரத்தில் முதுகை மட்டும் காட்டியவளுக்கு இது முதல் பெரிய படம். எதைச் சொன்னாலும் சரி சார் என்பாள்.

சிக்கல், மார்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பட்டை கட்டுகிற கிமோனோ உடையில் வந்தது. இடது மடிப்பு வலதின் மேல் வந்தால் உயிருள்ளவர். வலது மடிப்பு இடதின் மேல் வந்தால் பிணம். இதில் பிசகினால் எங்கள் ஊரில் தெருவில் போகிறவர்கூட நிறுத்திச் சொல்வார். ஆனால் கேமரா பார்க்கப்போவது கண்ணாடியை. கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியுமே. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் தொகியே அக்கா பெருமையாக வழி சொன்னாள். பிணத்துக்கு உயிருள்ளவர் மாதிரி கட்டிவிடலாம். மியோவுக்குப் பிணம் மாதிரி கட்டிவிடலாம். கண்ணாடியில் இரண்டும் சரியாக இருக்கும்.

கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

வலது மடிப்பை மேலே இழுத்துக் கட்டியபோது மியோ குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். "இதோட நான் நிஜமாவே செத்துட்டா படம் ஓடுமாக்கா?" என்றாள். பேசாம நில்லுடி என்று தொகியே அக்கா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி அறையை இருட்டாக்கினார்கள். முராயும் மற்றவர்களும் பக்கத்து அறையில் மானிட்டரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சாய ரத்தம் பாயும் குழாயை அழுத்த வேண்டியவன் நான் என்பதால் பிணத்தின் பின்னால் படுத்திருந்தேன். அறையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

மியோ கையைப் பின்னால் நீட்டினாள். வயிற்றுக்குள் விட்டாள். சளக் என்று சத்தம் வந்தது. முடியை உருவினாள்.

உருவினாள்.

இன்னும் உருவினாள்.

நான் வைத்தது இரண்டு பிடி. பாயில் விழுந்து சுருண்டது ஒரு கூடை இருக்கும்.

வாடை மாறியது. கணவாய் வாடை இல்லை. காய்ச்சல்காரரின் வாய் நாற்றம். பிணத்தின் முதுகில் கை வைத்தேன்.

ரப்பர் சூடாக இருந்தது.

அது மூச்சு வாங்கியது.

மியோவின் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். உதடு நீலமாகிவிட்டது. திறந்த வாயிலிருந்து ஈரமான முடி ஒரு கற்றை தொங்கியது. அதன் மறுமுனை பிணத்தின் வயிற்றுக்குள் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து முராயின் கிசுகிசுப்பு கேட்டது.

"என்னமா அழுறா பாரு. கட் சொல்லாதீங்க."

அவர்கள் பார்த்த மானிட்டரில் மியோ நிமிர்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம்.

தொகியே அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஓடிவந்தவள் ஒரு கணம்தான் பார்த்தாள். மியோவின் இடுப்புப் பட்டையை அவிழ்த்து, மடிப்பை மாற்றி, இடதை மேலே இழுத்துக் கட்டினாள். நான் பிணத்துக்கு வலதை மேலே போட்டேன். மியோ இழுத்து மூச்சு விட்டாள். அப்புறம் வாந்தி எடுத்தாள். பித்தமும் முடியுமாக, பாத்திரம் நிறைய. அந்தப் பாத்திரத்தைக் கழுவ யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே கடலில் எறிந்தோம்.

அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. பாராட்டாதவர்கள் இல்லை.

பழைய பொம்மைகளுக்கு மந்திரம் ஓதி எரிக்கிற கோயில் ஒன்றுக்குப் பிணத்தை எடுத்துப்போனோம். மியோவும் வந்தாள். தீ வைத்ததும் ரப்பர் கருகும் நெடி வரும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். வந்தது கறி வாட்டுகிற மணம். என் வாயில் எச்சில் ஊறியது. சீ என்று துப்பினேன்.

பக்கத்தில் கைகூப்பி நின்ற மியோ என் சட்டையைப் பிடித்தாள்.

"சார், வயிறு சுடுது."

அவள் சட்டைக்குள்ளிருந்து புகை வந்தது.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றி அணைத்தேன். பாதி வெந்த அந்த உடம்பைக் கோயிலிலேயே பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்று மியோவிடம் சொன்னேன். அது பொய். அவளுடைய உயிர் விஷயம், யாரை நம்பி விட்டுவர முடியும்? என் பட்டறையின் பின்னறையில், மீன் பெட்டியில் படுக்க வைத்திருக்கிறேன். எரிக்க முடியாது, புதைக்கவும் பயம். அது அழுகுகிறது; ரப்பர் எப்படி அழுகும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஈரத் துணியால் புழுவைத் துடைக்கிறேன், வயிற்றில் சேர்ந்த முடியை வழிக்கிறேன், ஐஸ் கொட்டி மூடுகிறேன். இது தொகியே அக்காவுக்குக்கூடத் தெரியாது.

நேற்று வாடை தாங்காமல் பெட்டி நிறைய ஐஸைக் கொட்டினேன். இன்று காலையில் மியோ போன் செய்தாள். பல் தந்தியடித்தது, பேச்சு சரியாக வரவில்லை.

"சார், ஐஸை மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடுங்க. நாங்க ரெண்டு பேரும் விறைச்சுப் போயிட்டோம்."