பன்னிரண்டாவது கரண்டி

பதினோரு கரண்டிகள் கறுத்துக் கிடந்தன. பன்னிரண்டாவது மட்டும் பளபளத்தது.

கரண்டியம்மா விலைக்கு வாங்கிய பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பழைய வெள்ளிக் கரண்டி எதைக் கொடுத்தாலும் முத்திரையையும் காம்பின் வேலைப்பாட்டையும் பார்த்து எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவாள்; தெருவே வைத்த பெயர் அது. காம்பில் ஏறும் கொடி, நுனியில் சிப்பி. பன்னிரண்டும் ஒரே வேலைப்பாடு, ஒரே முத்திரை, சுத்தமான ஸ்டெர்லிங் வெள்ளி. ஆனால் வெள்ளி சும்மா கிடந்தால் கறுக்கும். தினமும் வாயில் பட்டுக் கழுவப்படுவதுதான் கறுக்காது.

"இந்தப் பூட்டை இடையில யாராவது தொறந்திருப்பாங்களாண்ணா?"

பெட்டியைத் திறந்து கொடுக்க வந்த பூட்டுக்காரர் சிரித்தார். "இதையா? உள்ள பூரா துருதாம்மா. அறுத்துல்ல எடுத்தேன். முப்பது வருஷமா ஒரு ஈ கூட உள்ள போயிருக்காது."

அவர் போனதும், மழைக்கு முன் அடைத்துக்கொண்ட பிற்பகலில், குழாய் சொட்டுவதும் ஜன்னல் கதவு முனகுவதும் பாலிஷ் துணியின் சுண்ணாம்பு வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவளைச் சூழ்ந்துகொண்டன. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பளபளத்த கரண்டியின் விளிம்பில் பல் பட்ட தடங்கள். பழையவை மழுங்கியிருந்தன. ஒன்று மட்டும் கூராக இருந்தது. புதிது.

உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள். இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை விற்ற வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பளபளன்னு ஒண்ணா?" அந்தம்மாவின் குரல் இறங்கியது. "அது மாமனாரோடது. படுக்கையில கெடந்தப்போ அதுலதான் ஊட்டுவோம். எவ்வளவு ஊட்டினாலும் பசி பசின்னு கத்துவாரு."

"அப்புறம்?"



"நாங்களும் மனுஷங்கதானேம்மா. ஒரு நாள் ஊட்டறத நிறுத்திட்டோம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

மேசைக்குத் திரும்பினாள். கரண்டி ஈரமாக இருந்தது. துடைத்தாள். துணியில் புளித்த பால் வாடை. கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தால், மறுபடியும் ஈரம்.

போதும். பெட்டியோடு இன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். காம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

கரண்டி வரவில்லை.

குழந்தைக்கு ஊட்டும்போது அது கரண்டியைக் கவ்விக்கொண்டால் கைக்குத் தெரியுமே, அந்தப் பிடி. மெதுவாக இழுத்தாள். வெள்ளியில் பல் உரசும் சத்தம். பிறகு விட்டது.

குனிந்து குழிக்குள் பார்த்தாள். அவள் முகம் தலைகீழ். ஜன்னல் தலைகீழ். அதில் ஒன்றுமில்லை, கரண்டிக் குழியில் எல்லாம் அப்படித்தான் தெரியும். குழியை ஒட்டி, விரற்கடை தூரத்துக்குள் இருப்பது மட்டும்தான் நேராகத் தெரியும்.

நேராக ஒரு முகம் தெரிந்தது.

ஒட்டிய கன்னம். மூடாத கண்.

அகலத் திறந்த வாய்.