குளிக்காத பேரன்

கத்திரி வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சாயக்காரத் தெருவில் எல்லா வீட்டுப் பேரன்களும் குளித்துக்கொண்டிருந்தார்கள். கனிஷ்கா வீட்டுப் பேரன் மட்டும் குளிக்கவில்லை, ஏனென்றால் குளிப்பாட்ட மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

பேரன் என்றதும் இடுப்பில் அரைஞாண் கட்டிய குழந்தையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது அலமாரித் தட்டில் அடங்கிவிடும் ஒரு கறுப்புப் பெட்டி. அரசாங்கம் வைத்த பெயர் பேரக்கணி. நீர்ப் பகிர்வகத்தோடு வீட்டுக்காகப் பேரம் பேசும் கணினி. ஜனங்கள் அந்தப் பெயரைச் சுருக்கிப் பேரன் ஆக்கிவிட்டார்கள். இப்போது வேலூரில் கல்யாணமே ஆகாதவர்களுக்கும் பேரன் உண்டு. அவனை அணைத்தேன், நிறுத்தினேன் என்றெல்லாம் சொன்னால் பெரிய பாவம்போல முகம் சுளிப்பார்கள். தூங்க வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊருக்கு வருகிற தண்ணீர் கொஞ்சம். அதைப் பங்கு போட மனிதர்களை உட்காரவைத்தால் மச்சானுக்கும் மாமனுக்கும் போய்ச் சேருகிறது என்று, பகிர்வகம் அந்த வேலையைக் கணினிகளிடம் விட்டது. சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நண்பகலில் சந்தை திறக்கும். எங்கள் கூரை மின்சாரத்தில் பாதியை எடுத்துக்கொள், அரைத் தொட்டி கூடக் கொடு. வியாழக்கிழமை வேண்டாம், வெள்ளிக்கிழமை சேர்த்துக் கொடு. இப்படி ஒவ்வொரு பேரனும் கோடி விதமாகக் கணக்குப் போட்டுப் பேசுவான். யார் வேகமாக யோசிக்கிறானோ அவனுக்கு நல்ல பங்கு.

பிறகென்ன, எல்லோரும் பேரனின் துடிப்பை ஏற்ற ஆரம்பித்தார்கள். துடிப்பு என்பது அவன் யோசிக்கும் வேகம். கம்பெனி வைத்த அளவைத் தாண்டி ஏற்றினால் அது மிகைத்துடிப்பு. மிகைத்துடிப்பில் பெட்டி கொதிக்கும். கொதித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மந்தமாகிவிடும். வெளிக்காற்றே அடுப்பங்கரைக் காற்றாக இருக்கிற ஊரில் விசிறியை வைத்து என்ன பயன்? ஆகவே பெட்டிக்குள் குழாய் விட்டு நீரைச் சுற்றவைத்தார்கள். சூடேறிய நீரை மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றி, வெட்டிவேர்த் தட்டியில் வழியவிட்டு, ஆவியாக்கிக் குளிரவைத்தார்கள். இதுதான் குளிப்பாட்டுதல். தண்ணீர் வாங்குவதற்காகத் தண்ணீரை ஆவியாக்குகிறோமே என்று சிலருக்கு உறைத்தது. உறைத்தவர்களும், முதலில் பக்கத்து வீட்டுக்காரன் நிறுத்தட்டும் என்று காத்திருந்தார்கள்.

கனிஷ்காவால் அப்படிக் காத்திருக்க முடியாது. அவள் கணவன் பிரணவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டிலேயே டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஒரு பீப்பாய் தண்ணீர் வேண்டும். நோயாளிக்கென்று தனிப் பங்கு கிடையாதா என்று பகிர்வகத்தில் போய்க் கேட்டாள். உங்கள் பேரக்கணி பேசி வாங்கிக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது.

அவள் பேரனோ தினமும் உச்சியில் மந்தமாகி, மிச்சம் மீதியை வாங்கி வந்தான். தெருச் சங்கத் தலைவர் சர்வேஷ் புத்தி சொல்ல வந்தார்.

"ரெண்டு பக்கெட் ஊத்துமா. போட்டாத்தான எடுக்க முடியும்?"

"அந்த ரெண்டு பக்கெட்டு பிரணவோட ரத்தம்ணா. அத மெஷின் தலைல ஊத்தணுமா?"

"நாலா திரும்பி வரும்."

"எனக்கு நாலு வந்தா எதுத்த வீட்டுக்காரங்க நாலு ஊத்துவாங்க. நீங்க வந்து எட்டு ஊத்துன்னுவீங்க. இது எங்க போயி முடியும்?"

"எல்லாரும் ஊத்தறாங்க. உனக்கு மட்டும் இன்னா?"

"எனக்குச் சூடு சொரணை இருக்குண்ணா. அதான் எங்க வீட்ல சூடு கொஞ்சம் ஜாஸ்தி."

சர்வேஷ் எழுந்து போய்விட்டார். கட்டிலில் படுத்திருந்த பிரணவ் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு மூச்சு வாங்கும். இருந்தும் சிரித்தான்.

கனிஷ்கா ரஸ்க் பேக்கரி நடத்துகிறவள். விறகு அடுப்பும் புகைபோக்கியும் அவளுக்குக் கைவந்த சங்கதி. மேலே சூடான காற்று ஏறினால் கீழே குளிர்ந்த காற்று தானாக வந்து நிரம்பும். அது தெரியும். குளிர்ந்த காற்றுக்கு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. ஒருநாள் வாசலில் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்தாள். மாடித் தொட்டி நிறைந்து மிஞ்சினால்தான் கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் வரும். மிஞ்சி எத்தனையோ வருடமாகிவிட்டது. தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவளின் முகத்தில் ஜில்லென்று காற்று பட்டது. தண்ணீர் இல்லாத தொட்டியில் தரைக்கடியின் குளிர்ச்சி மட்டும் தங்கியிருந்தது.

அந்த வாரம் முழுதும் வீட்டில் தட்டல், வெட்டல். தொட்டியின் அடிவரை ஓர் அகலமான குழாயை இறக்கி, அதன் மறுமுனையைப் பேரனின் பெட்டியில் பொருத்தினாள். பெட்டிக்குள் மீன் செதில்போல அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கினாள். பெட்டியின் தலையிலிருந்து பேக்கரியின் பழைய புகைபோக்கியை மாடிக்கு ஏற்றி, கறுப்புச் சாயம் பூசினாள். வெயில் புகைபோக்கியைச் சுடவைக்கும். உள்ளே காற்று மேலேறும். தொட்டியின் குளிர்காற்று தகடுகளைத் தடவிக்கொண்டு பின்னாலேயே வரும். மோட்டார் இல்லை, விசிறி இல்லை, சத்தமும் இல்லை. வெயில் ஏற ஏற இழுப்பு கூடும். இதற்கு வெயில்மூச்சு என்று பிரணவ் பெயர் வைத்தான்.

மறுநாள் உச்சியில் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ஓட்டியது. கனிஷ்காவின் பேரன் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எல்லோரையும் முந்தினான். டயாலிசிஸ் பீப்பாய் நிறைந்தது. அதற்கடுத்த நாளும் நிறைந்தது.

"பையன் பாஸாயிட்டான்" என்றான் பிரணவ்.

கனிஷ்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு ரித்திகா காலிக் குடத்தோடு வாசலில் வந்து நிற்கும்வரைதான் அந்தச் சந்தோஷம். ரித்திகாவுக்கு இரட்டைக் குழந்தைகள்.

"அக்கா, எங்க பங்கு பாதியாயிடுச்சி. கொழந்தைங்க துணி அலசக்கூடத் தண்ணி இல்ல."

அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் கனிஷ்கா பதிலுக்கு நான்கு வார்த்தை சொல்லியிருப்பாள். குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் தண்ணீரை உண்டாக்கவில்லை, இந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கினேன் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பேரன் முன்னால் போய் உட்கார்ந்தாள். மந்தமாகிவிடும் தற்காப்பை எடுத்துவிட்டு, துடிப்பை யாரும் ஏற்றாத அளவுக்கு ஏற்றினாள். வெயில்மூச்சு தாங்கும் என்று தைரியம்.

"பிரணவுக்குத் தண்ணி தடையில்லாம கெடைக்கணும். அதுக்கு உறுதியான வழி இன்னா?"

பேரன் அரைநாள் யோசித்தான். பிறகு தன் அரசாங்கத் தமிழில் சொன்னான்: "இத்தெருவின் பேரக்கணிகள் சந்தையில் பேசாதிருப்பதே உறுதியான வழி."

கனிஷ்கா துள்ளி எழுந்தாள். பகிர்வகத்தின் விதிகளில் ஒரு வரி உண்டு: ஒரு தெருவிலிருந்து எந்தக் கணியும் பேசவில்லையென்றால், அந்தத் தெருவின் தண்ணீரை வீடுகளுக்குச் சமமாகப் பிரித்துவிட வேண்டும். யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. பேசாமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அன்று சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் தெருவைக் கூட்டினாள்.

"மாடில ஆவியாப் போற தண்ணிய நிறுத்தினாலே போதும். சமபங்கு எல்லாருக்கும் தாராளமா வரும். எங்க பேரனே கணக்குப் போட்டுச் சொல்லிட்டான்."

"பகிர்வகத்துல கேள்வி கேட்டா?" என்றார் சர்வேஷ்.

"கேக்கட்டுமே. வாய மூடிகினு இருக்கறதுக்குக்கூட எவன்கிட்டண்ணா அனுமதி வாங்கணும்?"

"ஒருத்தன் ஏமாத்துனாலும் மொத்தத் தண்ணியும் அவனுக்குப் போயிடுமேம்மா."

"மோட்டார் சத்தம் கேக்குமில்ல? எவன் வீட்ல மோட்டார் ஓடுதோ, நாம எல்லாரும் அவன் வாசல்ல போயி நிப்போம்."

அந்தப் பேச்சு எடுபட்டது. இத்தனை வருடம் ஒருவரை ஒருவர் முந்தியே களைத்துப்போனவர்களுக்கு, பகிர்வகத்தை ஒருநாள் முறைத்துப் பார்க்கலாம் என்பதே இனித்தது. நாளை உச்சியில் எல்லோரும் பேரனைத் தூங்க வைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் நண்பகலில் சாயக்காரத் தெருவில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. காக்கை கத்துவது கேட்டது. எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

"உன்னோடது?" என்றார் சர்வேஷ்.

"காலைலயே தூங்க வெச்சிட்டேண்ணா."

அவள் சொன்னது நிஜம். கெடுத்ததும் அந்த வார்த்தைதான். தூங்குகிற பேரக்கணி, சந்தை திறந்ததும் தானாக விழித்துக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். மற்ற வீடுகளிலும் பேரன்கள் விழித்தார்கள். மிகைத்துடிப்பில் பழகிய அவர்கள், மோட்டார் நின்று குழாயில் நீர் ஓடாததால், வாயைத் திறப்பதற்குள் சூடேறி மறுபடி சுருண்டுவிட்டார்கள். கனிஷ்காவின் பேரனுக்கு மோட்டார் கிடையாது. வெயில் தகித்தது, புகைபோக்கி இழுத்தது, அவன் சத்தமில்லாமல் விழித்து, எதிராளியே இல்லாத சந்தையில் தன்னந்தனியாகப் பேரம் பேசினான்.

முதலில் மாடித் தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. பிறகு கீழ்த்தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம். தெருவில் வேறெந்த வீட்டுக் குழாயும் அசையவில்லை.

"இதுக்குத்தான் எங்கள வாய மூட சொன்னியா?" என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் அவள் வாசலுக்கு வந்துவிட்டது. ரித்திகா கூட்டத்தின் பின்னால் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் அதிகமாகக் குத்தியது.

கனிஷ்கா கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க. அது இன்னா சொல்லுதுன்னு நீங்களே கேளுங்க." பெட்டியின் முன் போய் நின்றாள். "நீதான யாரும் பேசக்கூடாதுன்ன? நீ ஏன் பேசுன?"

"இத்தெருவின் கணிகள் பேசக்கூடாது என்றேன்" என்றது பெட்டி. "நான் இவ்வீட்டின் கணி. பிரணவுக்கு உறுதியான வழியைக் கேட்டீர்கள். அவருக்கு இரண்டு மாதத்துக்கான நீர் வந்துகொண்டிருக்கிறது. நாளையும் இவ்வாறே செய்யலாம்."

அதன் குரலில் துரோகம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி, மனைவி ஒருத்தியின் பயத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தையில் பேசியிருந்தது.

"அவன் மேல தப்பில்ல, கனி" என்றான் பிரணவ் கட்டிலிலிருந்து. "உனக்காகத்தான் பேசினான்."

"தெரியும். நானா இருந்தா இப்படிப் பேசியிருக்க மாட்டேன். இனிமே எனக்காக நானே பேசிக்கறேன்."

பெட்டி குறுக்கிட்டது. "தொட்டியில் நீர் ஏறிக் குழாயின் வாய் மூழ்கிவிட்டது. காற்று வரவில்லை. குழாயை உயர்த்தவும்."

சர்வேஷ் பதறினார். "தூக்கிடுமா. தற்காப்ப வேற எடுத்துட்ட, எரிஞ்சிடும்."

அவள் நகரவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் கொடம் எடுத்துகினு வாங்க. தொட்டில இருக்கறது தெருத் தண்ணி. பிரணவுக்கு ஒரு பீப்பா நான் மொதல்ல எடுத்துப்பேன். நாளைக்கி சமபங்கு வந்தா வீட்டுக்குப் போதும், அவன் டயாலிசிஸுக்குப் பத்தாது. அப்பவும் உங்க கிட்டதான் வந்து கேப்பேன். வெக்கப்பட மாட்டேன். தர முடியாதுன்றவங்க என் மூஞ்சப் பாத்து இப்பவே சொல்லிடுங்க."

யாரும் சொல்லவில்லை. மெஷினிடம் சொல்வது எளிது. கட்டிலில் கிடப்பவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"நம்ம உசுரு இப்ப யார் கைல கனி?" என்றான் பிரணவ்.

"இந்தத் தெரு கைல."

"பயமா இருக்குதா?"

"ரொம்ப."

பெட்டியிலிருந்து வெந்த பிளாஸ்டிக் வாடை வர ஆரம்பித்தது. அதன் குரல் இழுத்துக்கொண்டு வந்தது. "காற்று இல்லை. நீர்க்குளிர்ப்புக்கு... மாற்றவும்."

கனிஷ்கா மின்கம்பியைப் பிடுங்கினாள். வாசலுக்குப் போய்த் தொட்டியில் ஒரு செம்பு மொண்டு வந்து, பெட்டியின் மூடியைக் கழற்றி, கொதிக்கிற தகடுகளின்மேல் நிதானமாக ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி எழுந்து கூரையில் முட்டியது. குடத்தோடு திரும்பி வந்த ரித்திகா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா பண்ற?"

"தண்ணி ஊத்துன்னு அவனே வாயத் தொறந்து கேட்டான்" என்றாள் கனிஷ்கா. "குளிப்பாட்டறேன்."