மறைய வேண்டியது ஒரு கோடு

பங்சார், 1992. திங்கட்கிழமை, காலை எட்டு மணி.

செல்லின் புரோட்டீன்களைக் கோடுகோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை இந்திரா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நொதி சேர்த்ததில் ஒரு கோடு மறைந்திருக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் மறைந்திருந்தன.

ஆய்வுக்கூடத் தலைவர் மீனாட்சிசுந்தரம் குரலை உயர்த்தவில்லை. மாதக்கணக்கில் பிரித்தெடுத்த வைரஸ் நொதி, இருந்ததே ஒரு குப்பி, பொறுப்பு இந்திராவுடையது. அவள் கவனக்குறைவால் கெட்டுப்போனது என்றார். மாலைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று ஆய்வுக்கூடச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"கெடல சார், யாரோ மாத்திட்டாங்க. போலீஸைக் கூப்பிடுங்க."

இன்ஸ்பெக்டர் நாகையாவுக்குப் பிணமில்லாத கேஸ் புதுசு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த நொதி என்னம்மா செய்யும்?"

"வைரஸோட கத்தரி சார். நம்ம செல் புரோட்டீன் தயாரிக்க ஒரு பெரிய புரோட்டீனோட உதவி வேணும். கத்தரி அதைப் பார்த்து வெட்டும். செல்லோட வேலை படுத்துடும், வைரஸோட வேலை மட்டும் ஓடும்."

"மத்த புரோட்டீனெல்லாம்?"

"அநேகமா தொடாது."

"கத்தரி கெட்டுப்போனா?"

"எதையும் வெட்டாது. எல்லாக் கோடும் அப்படியே நிக்கும்."

நாகையா ஜெல்லை மறுபடி பார்த்தார். இங்கே எதுவுமே நிற்கவில்லை.

வாராவாரம் குப்பியைச் சோதிப்பவன் உதவியாளன் பழனியப்பன். அந்தப் பெரிய புரோட்டீன் மட்டும் தெரியும் படத்தில் அதற்குரிய மேல்கோடு போய்விட்டதா என்று பார்ப்பான், போயிருந்தால் சரி. சனிக்கிழமையும் சரி என்றிருந்தான். இந்திராதான் இன்று ஓர் ஆர்வத்தில் எல்லாப் புரோட்டீனுக்கும் சாயம் ஏற்றியிருந்தாள்.

பழனியப்பனின் விரல் நுனிகளில் பிளாஸ்டர்.

"ஆசிட் பட்டுருச்சி இன்ஸ்பெக்டர். லேப்ல சகஜம் லா."

பிற்பகலில் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவன் வீட்டுக்கு அவனையே கூட்டிக்கொண்டு போனார் நாகையா. பின்வாசலில் பப்பாளி மரம். பச்சைக் காய்களில் நெடுக பிளேடு கீறல்கள்; பால் வழிந்து காய்ந்திருந்தது.

"மட்டன் வேகலன்னா என் வீட்டம்மா பப்பாளிக்காய் போடுவாங்க. அந்தப் பால் கறியையே கரைச்சிடும். விரல்ல பட்டா தோலையும் விடாது, இல்ல?"

பழனியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நொதியை எடுத்துட்டு, வடிகட்டின பப்பாளிப் பாலை ஊத்தி வச்சீங்க. மேல்கோடு போகும்னு தெரியும், போச்சு. மத்த கோடுகளை நீங்க பார்த்ததே இல்ல. வைரஸ் ஒண்ணுலதான் கை வைக்கும், பாஸ். உங்க பப்பாளி எல்லாத்துலயும் வச்சிடுச்சி."

கிள்ளானில் ஒரு கம்பெனி வேலை தருவதாகவும், கையோடு நொதியையும் கேட்டதாகவும் பழனியப்பன் ஒப்புக்கொண்டான். அவன் வீட்டு ஐஸ் பெட்டியில், கெம்போங் மீனுக்குப் பின்னால் அது கிடைத்தது.

மறுநாள் காலை, கேஸ் முடிந்த பிறகும், நாகையா ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். இந்திரா புது ஜெல்லைத் தூக்கிப் பிடித்தாள். ஏணிப்படி போல வரிசையாகக் கோடுகள். மேலே ஒரே ஒரு படியைக் காணோம்.

"அடேங்கப்பா," என்றார் நாகையா மெதுவாக.

மீனாட்சிசுந்தரம் நேற்று அவளிடம் வாங்கி வைத்திருந்த சாவியை மேஜைமேல், அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.