மார்க்கரிடம் சொல்லிக்கொண்டு போனவர்

வெள்ளைப் பந்து வெதுவெதுப்பாக இருந்தது. அலுவலகத்துக்கு அடியில் பல மாதமாக யாரும் இறங்காத நிலத்தடி அறை, ஈரத்துணி வாடை, எங்கோ முனகிக்கொண்டிருக்கும் குளிர்சாதனம். அங்கே மேசை நடுவில் கிடக்கிற பந்து, யாரோ இப்போதுதான் உள்ளங்கையிலிருந்து இறக்கி வைத்ததுபோல் சூடாக இருந்தால் புத்தியுள்ளவன் திரும்பியிருப்பான். நம் கணக்கருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வருகிற சனிக்கிழமை அலுவலகத்தில் பில்லியர்ட்ஸ் போட்டி. சீட்டுக் குலுக்கியதில் புது மேலாளருக்கு ஜோடியாக இவர் தலைதான் உருண்டது. “கட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னாவது தெரியுமா சார்?” என்று டைப்பிஸ்ட் அம்மா சிரித்ததில் மானம் போயிருந்தது. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்ள இறங்கி வந்தார்.

“முதல்ல நிக்கப் பழகுங்க.”

தூக்கிவாரிப்போட்டது. கட்டைகள் சாத்தியிருந்த மூலையிலிருந்து ஒருவர் வந்தார். மார்க்கராம், ஆட்டம் பார்த்து எண்ணிக்கை சொல்கிற ஆள். சட்டையெங்கும் நீலச் சாக்பீஸ் பொடி.

“இடது கையை மேசையில விரிங்க. கட்டைவிரலைத் தூக்குங்க. அந்தப் பள்ளத்துல கட்டையை ஓட விடுங்க. தாடை கட்டையை உரசணும். வெள்ளையை மட்டும்தான் அடிக்கணும், ஆனா வெள்ளை குழியில விழக்கூடாது.”

அடித்தார். சிவப்புப் பந்து மூலைக் குழியில் தொப்பென்று விழுந்தது. அட, நமக்கும் வருகிறதே! அந்தச் சந்தோஷத்தில் நேரம் போனதே தெரியவில்லை. மூன்று மணிக்குப் பள்ளி வேன் மகளை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். மனைவிக்கு வெளியூரில் வேலை. வாசலை ஒட்டி லாரிகள் பறக்கிற சாலை. அவளோ ஒரு இடத்தில் நிற்கிற பிள்ளை இல்லை.

“பொண்ணு வந்திருப்பா. போயிட்டு வரேன்ணே.”

“வாங்க.”

படியேறினார். மேல் கதவைத் தள்ளினார். பச்சைத் துணி விரித்த மேசை. வெள்ளைப் பந்து. மார்க்கர்.

“வந்துட்டீங்களா? வாக்குத் தவறாத மனுஷன்.”

வழி தவறிவிட்டோம் என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “சரிண்ணே, வரேன்.” படி. கதவு. பச்சை மேசை. இம்முறை ஓடினார், ஓடும்போதே “வரேன், வரேன்” என்று வாய் தானாகச் சொன்னது. படி. கதவு. மார்க்கர் அவருக்கான கட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்.

கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

“அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எப்படி வெளியே போறது?”

“நானா கூப்பிட்டேன்? நீங்கதானே வரேன் வரேன்னு சொல்றீங்க.” மார்க்கர் கட்டை நுனியில் பொடி தேய்த்தார். “நானும் அப்படித்தான். சாப்பிட்டுட்டு வரேன்னு சொன்னேன்.”

அப்போதுதான் உறைத்தது. இன்னொரு சொல் இருக்கிறது. பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் அவர் சொல்லாத சொல். சொன்னால் ஒரேயடியாகப் போவதுபோல் ஆகிவிடுமென்று எல்லோரும் விழுங்குகிற சொல்.  சாலை. லாரி. குழந்தை.

“போறேன்.”

பொடி தேய்த்த மார்க்கரின் கை நின்றது. இவர் படியேறினார்.

கதவைத் தள்ளினார். ட்யூப்லைட். தரை துடைத்த பினாயில் வாடை. தரைத்தளத்துக்கு ஏறும் படிக்கட்டில் மகள், முதுகில் பையோடு.

“நீ கீழ இறங்கினதை வாட்ச்மேன் தாத்தா பார்த்தாராம்ப்பா.”

 அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு ஏறினார்.

“அது யாருப்பா, கதவுகிட்ட?”

“திரும்பாத. நட.”

நல்ல பிள்ளை. பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பக்கூடாதென்று வீட்டில் பழக்கியிருந்தார்கள். திரும்பிக் கையாட்டினாள்.

“போயிட்டு வரேன் அங்கிள்!”

“வா, கண்ணு.”

படி திரும்பும் இடத்தில் அவர் கை வெறுங்காற்றைப் பிடித்திருந்தது; அவள் இல்லை.

உருண்டு புரண்டு இறங்கினார். கதவு இருந்த இடத்தில் சுவர். அறைந்தார். “வரேன்! அப்பா வரேன்டா கண்ணு!” தொண்டை கிழியக் கத்தினார். போறேன் என்று சொல்லிவிட்டு வந்தவருக்குச் சுவர் சுவராகவே இருந்தது.

உள்ளே ஸ்டூலை இழுக்கும் சத்தம்.

“ஏறி நில்லு கண்ணு. தாடையை நல்லா வை.”

பந்து உருண்டது. கலகலவென்று அவள் சிரித்தாள்.